பாட்டி தமிழில் பேசட்டும்

கேள்வி: கோவையில் இருக்கிறோம். மூன்று வயது மகளை, குழந்தைகள் பொருள்களைக் கையாண்டு தாமே கற்கும் ‘இருமொழி மாண்டிசோரி’ பள்ளியில் சேர்க்கவிருக்கிறோம். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள். என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன செய்வது?

பதில்: மாமியார் தமிழிலேயே பேசட்டும்; நீங்களும் பேசுங்கள். பசியையும் பயத்தையும் சொல்லப் பழகிய மொழியை வீட்டிலேயே நிறுத்தச் சொல்லும் பள்ளி, இருமொழிப் பள்ளி அல்ல. ஓர் ஆசிரியை தமிழிலும் மற்றொருவர் ஆங்கிலத்திலும் நாள் முழுவதும் பேசிப் பழகும் வகுப்பையே தேடுங்கள்.

பள்ளிக்குப் போனால் தமிழ் உப்புத்தாள் எழுத்து அட்டைகளைக் காட்டச் சொல்லுங்கள். குழந்தை ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் ‘ம’வை எழுதும் திசையிலேயே தடவி, அதன் ஒலியைச் சொல்லிப் பழகுவது அதில்தான். ஆங்கில அட்டைகள் விரல் பட்டுத் தேய்ந்திருக்க, தமிழ் அட்டைகள் சொரசொரப்பு மாறாமல் புதிதாக இருந்தால், தமிழ் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது என்று பொருள்.

‘மாண்டிசோரி’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் பெற்றோர் பலருக்குத் தெரியாத செய்தி. இம்முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த இம்மண்ணில், சில வார இறுதி வகுப்புகளில் வாங்கிய சான்றிதழோடு பள்ளி திறக்கிறார்கள், கேட்க நாதியில்லை. நான் நடத்தும் மாண்டிசோரி வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், மூன்று வயதுக் குழந்தையின் வீட்டுப்பாட நோட்டைத்தான் கேட்டார்; இம்முறை அவருக்கே புரியவில்லை. ஆகவே ஆசிரியை எங்கே, எத்தனை மாதம் பயின்றார் என்று நீங்களே கேளுங்கள். சீட் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகருக்கும், வீட்டுக்கு மாண்டிசோரி மரக் கருவிகள் அடங்கிய பெட்டி விற்க வருபவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பட்டாணி உரிக்கவும் டம்ளரில் தண்ணீர் ஊற்றவும் விட்டாலே வீட்டில் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மகள் இன்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையென்றால், இரண்டு மொழி குழப்புகிறது என்று எவர் சொன்னாலும் நம்பாமல், முதலில் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறாளே என்று விட்டுவிடாதீர்கள். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்த குழந்தையும் உரத்த குரலுக்குத் திரும்பும், மெல்லிய ஒலிகளைத் தவறவிடும். போகப் போகப் பேசிவிடுவாள் என்று உறவினர்கள் சொன்னாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன், வகுப்பின் ஓரத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு பள்ளி பாருங்கள்.