மதிப்பெண்ணை யார் கேட்கிறார்கள்?

கேள்வி: சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று பருவங்கள் முடிந்த நிலையில் என் சராசரி 51 சதவீதம், அரியர் கிடையாது. பட்டம் இருந்தால் போதும், மதிப்பெண்ணை யாரும் பார்ப்பதில்லை என்கிறார்கள் சீனியர்கள். ஏழெட்டு அரியர் வைத்திருந்தவர்கள்கூட இன்று பெங்களூரில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்களாம். தினமும் மலையிலிருந்து பேருந்தில் இறங்கி ஏறுவதிலேயே பாதிப் பொழுது போய்விடுகிறது. தேறும் அளவுக்கு மட்டும் படித்துக்கொண்டு, மாலையில் கோடிங் வகுப்பில் சேரலாமா?
– கல்லூரி மாணவி, ஏற்காடு

பதில்: உங்கள் சீனியர்கள் பொய் சொல்லவில்லை, தங்களிடம் கேட்காததை வேறு யாரிடமும் கேட்க மாட்டார்கள் என்று நம்பிவிட்டார்கள், அவ்வளவுதான். அரியரோடு தப்பித்து வேலைக்குப் போனவர் தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் அதைக் கதையாகச் சொல்வார். சதவீதம் குறைந்ததால் விண்ணப்பமே ஏற்கப்படாமல் போனவர் எந்தக் கல்லூரி வாசலிலும் நின்று அதைச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

மதிப்பெண் கேட்காத இடங்கள் உண்டு. குடிமைப் பணித் தேர்வுக்கும், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கும், வங்கி அதிகாரி தேர்வுக்கும் பட்டம் இருந்தால் போதும். அங்கே ஆளைத் தேர்ந்தெடுப்பது அந்தத் தேர்வுதான். சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் மதிப்பெண் பட்டியலை நீட்டினால் சிரிப்பார்கள். நானும் பத்திரிகை உதவி ஆசிரியர் வேலைக்கு வருபவர்களிடம் இரண்டு பக்கம் எழுதச் சொல்லி அதைத்தான் படிக்கிறேன்.

ஆனால் நீங்கள் இயற்பியல் மாணவி. கோடிங்கும் வேண்டும் என்கிறீர்கள். இந்த இரண்டு வழிகளிலும் வாசலிலேயே எண் கேட்கிறார்கள். பள்ளி ஆசிரியராவதற்கான பி.எட். சேரத் தமிழ்நாட்டில் பொதுப் பிரிவினருக்கு இளநிலையில் 50 சதவீதம் வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 40. மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் பணிக்கு முதுநிலையில் 50. கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தேர்வுக்கு முதுநிலையில் 55. நெட் தேர்வில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு ஐந்து சதவீதம் தளர்வு உண்டு. அந்த முதுநிலைக்கு அரசுக் கல்லூரியில் இடம் கேட்கும்போது, தமிழும் ஆங்கிலமும் கைகொடுக்காது. பகுதி மூன்றில், அதாவது முதன்மைப் பாடங்களிலும் அவற்றோடு வரும் துணைப் பாடங்களிலும், நீங்கள் எடுத்ததை வைத்தே தரவரிசை போடுகிறார்கள். எனவே 51 என்ற மொத்தச் சராசரியை விட்டுவிட்டு, இன்றிரவே பகுதி மூன்றின் தாள்களை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள். கோடிங் கற்றுக்கொண்டு போகலாம் என்று நினைக்கும் மென்பொருள் நிறுவனங்களிலோ, கல்லூரி வளாகத்துக்கு ஆளெடுக்க வரும் பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60 கேட்கின்றன. உங்களுக்கு எழுதத் தெரிந்த நிரலை அவர்கள் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

அரியர் இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அரியர் வைத்தவருக்கு ஒரு வசதி இருக்கிறது: அந்தத் தாளை மறுபடி எழுதலாம், எழுதும்போது 70 எடுக்கவும் செய்யலாம். (முதல் முயற்சியில் தேறவில்லை என்ற குறிப்பு கூடவே வரும் என்பது வேறு விஷயம்.) 42 எடுத்துத் தேறியவருக்குப் பெரும்பாலும் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது, தேறிய தாளைத் திரும்ப எழுத எல்லாப் பல்கலைக்கழகங்களும் விடுவதில்லை. நெட் தேர்வில் தோற்றால் அடுத்த முறை எழுதலாம், குரூப் 1 போனால் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கலாம், கோடிங்கை முப்பது வயதிலும் கற்கலாம்; இளநிலைப் பட்டத்தின் சதவீதம் மட்டும் ஆறாவது பருவத்தோடு உறைந்துபோய்விடுகிறது. தேறும் அளவுக்கு மட்டும் படிப்பது என்ற உங்கள் திட்டத்தில் எனக்கு உள்ள ஆட்சேபம் இதுதான்.

கணக்கையும் போட்டுவிடுவோம். எல்லாப் பருவங்களுக்கும் சம எடை என்று வைத்துக்கொண்டால், 51இலிருந்து மொத்தச் சராசரியை 60 ஆக்க, மீதமுள்ள மூன்று பருவங்களிலும் நீங்கள் 69 எடுக்க வேண்டும். கடினம்தான், ஆனால் ஆகாத காரியமில்லை. நடக்கும் நான்காம் பருவத்தையும் 51இலேயே ஓட்டிவிட்டால், கடைசி இரண்டு பருவங்களில் தேவைப்படுவது 78. அந்த 78 எடுக்கக்கூடியவர் இப்போது இந்தக் கேள்வியை எனக்கு எழுதியிருக்க மாட்டார் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பேருந்துப் பயணத்தைக் குறை சொல்லியிருக்கிறீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகம் படிக்கச் சொல்லும் அளவுக்கு நான் கொடுமைக்காரன் அல்லன். ஆனால் அந்தப் பயணத்துக்குப் பிறகு எஞ்சும் மாலையைத்தான் கோடிங் வகுப்புக்குக் கொடுக்கப் பார்க்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். பருவத் தேர்வு முடிந்து வரும் விடுமுறையில் அந்த வகுப்பில் சேருங்கள். அதுவரை கட்டணத்தைக் கட்டாதீர்கள். அக மதிப்பீட்டுக்கான 25 மதிப்பெண்ணில் எவ்வளவு விட்டிருக்கிறீர்கள் என்று துறை ஆசிரியரிடம் நாளைக்கே கேளுங்கள்; செய்முறைப் பதிவேட்டையும் ஒப்படைப்புகளையும் உரிய நாளில் கொடுப்பதற்கு மாலை நேரம்கூடத் தேவையில்லை.