கிளாண்டார்ஃப் போரில் பிரையன் போரு பிழைத்திருந்தால் அயர்லாந்து ஒரே அரசாகியிருக்குமா?

ஆகியிருக்காது. மாற்று வரலாற்றுக் கதை எழுதத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் போர் நடந்த 1014-ல் கை வைக்காதீர்கள். ஏப்ரல் 23, பெரிய வெள்ளியன்று வெட்டுப்பட்டபோதே அயர்லாந்தின் பேரரசர் பிரையன் எழுபதைத் தாண்டிய கிழவர். பிழைத்தாலும் எத்தனை வருஷம்?

அன்றே செத்த மகன் முர்ச்சாத்தைக் காப்பாற்றினால் போதாதா என்பீர்கள். போதாது. அங்கே மூத்த மகனுக்குத்தான் பட்டம் என்ற விதியே கிடையாது. டெர்ப்ஃபினே என்ற பங்காளிக் கூட்டத்தில், அதாவது ஒரே கொள்ளுத்தாத்தாவின் ஆண்வழியில் வந்த எவரும் போட்டிக்கு வரலாம். பிரையனே 976-ல் அண்ணன் மத்கமைன் கொல்லப்பட்ட பிறகு வந்தவர். அவருடைய மகன் டாட்க் 1023-ல் கொல்லப்பட்டதற்குப் பின்னால் இருந்தது தம்பி டொன்ஹாத். டாட்கின் மகன் வளர்ந்து, 1063-ல் அந்தச் சித்தப்பாவைப் பதவியிலிருந்து இறக்கினான். டொன்ஹாத் ரோமில் போய் இறந்தார்.

கதையைத் திருப்ப வேண்டிய இடம் 1000-ம் ஆண்டு. 999 கடைசியில் கிளென்மாமா போரில் ஜெயித்து, டப்ளினைச் சூறையாடிய பிரையன், பணிந்து வந்த அதன் வைக்கிங் அரசன் சிட்ரிக்கிடமே ஊரைத் திருப்பிக் கொடுத்தார். அயர்லாந்தின் முதல் வெள்ளிக் காசு 997 வாக்கில் அடிக்கப்பட்டது அந்த ஊரில்தான். மாட்டுக் கப்பத்தை மந்தையாக ஓட்டிக்கொண்டுதான் வரவேண்டும். வெள்ளியைப் பெட்டியில் பூட்டிவைத்துப் படைக்கும் கப்பலுக்கும் செலவழிக்கலாம். ஆகவே முர்ச்சாத்தை அங்கே உட்கார வையுங்கள். நம்ப முடியாத கற்பனை என்று யாரும் சண்டைக்கு வர முடியாது: 1052-ல் பக்கத்து நாடான லெய்ன்ஸ்டரின் அரசனும் 1075-ல் பிரையனின் பேரனும் தங்கள் மகன்களை டப்ளினை ஆளவிட்டே பழக்கினார்கள்.

அடுத்தது 1005. அயர்லாந்தின் தலைமைத் தேவாலயமான ஆர்மாவில் பிரையன் 20 அவுன்ஸ் தங்கம் வைத்தார். பதிலுக்கு அங்கிருந்த ஏட்டில் 'ஐரிஷ் மக்களின் பேரரசர்' என்று ஒரு வரி கிடைத்தது. அந்தத் தங்கத்துக்கு மகனின் அபிஷேகத்தைக் கேட்டிருக்க வேண்டும். பிரான்சில் ஹியூ கபே 987-ல் தான் முடிசூடிய அதே வருஷம் மகனுக்கும் முடிசூட்டிவிட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும்: தயவுசெய்து இதை ஐரிஷ்காரர்களுக்கும் வைக்கிங்குகளுக்கும் நடந்த சண்டையாக எழுதாதீர்கள். சிட்ரிக் பிரையனின் மருமகன். அவனோடு சேர்ந்து எதிர்த்து நின்ற லெய்ன்ஸ்டரின் மேல் மோர்தா என்பவன் அசல் ஐரிஷ் அரசன். போருக்குப் பிறகும் சிட்ரிக் 1036 வரை டப்ளினை ஆண்டான்.

இந்தத் திட்டம் இடறும் இடம் மீத். டப்ளினுக்கு ஒட்டிய நாடு. அதன் அரசனின் பெயர் மேல் சேஹ்னல்; நிஜத்தில் 1014-க்குப் பிறகு மறுபடி பேரரசனாகி 1022 வரை இருந்தவர். முர்ச்சாத்தின் முதல் சண்டை அவரோடுதான்.