மழைக்கு மக்கர் பண்ணும் அம்பாசிடர்: கேள்வி பதில்

திருமங்கலம்: அண்ணே, ராத்திரி மழை பெஞ்சா காலைல வண்டி பிடிக்க மாட்டேங்குது. செல்ஃப் நல்லாத்தான் சுத்துது. பேட்டரி மாத்தணுமா?

செல்ஃப் சுத்தினா பேட்டரியை விட்ருங்க. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கிற டப்பா) மூடியைக் கழற்றி உள்பக்கம் விரலால தடவுங்க, பனி படிஞ்சிருக்கும். பிளக் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறதைவிட, ஈரத்துல ஊர்ந்து எஞ்சின் பாடிக்கு இறங்குறது கரண்டுக்குச் சுலபம். மூடி, அதுக்குள்ள சுத்துற ரோட்டர், கரண்டை ஏத்திக் கொடுக்கிற காயிலோட மூக்கு மூணையும் பஞ்சு ஒட்டாத துணியால துடைங்க. தலை காயவைக்கிற டிரையர் இருந்தா ரெண்டு நிமிஷம் காட்டுங்க. வயரைப் பிடுங்குமுன் நம்பர் போட்டு வைங்க. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர் எரியுற வரிசை, 1-3-4-2. மாறிப் போச்சுன்னா மழையைத் திட்டிப் பயனில்லை.

மேலூர்: மூடிக்குள்ள பென்சில் கோடு மாதிரி கருப்பா இருக்கு. எமரி தாள் போட்டுத் தேய்க்கவா சார்?

வேண்டாம். அது கரண்ட் போட்ட கரித்தடம். தேய்ச்சா அந்த இடம் சொரசொரப்பாகி ஈரமும் தூசியும் சீக்கிரம் ஒட்டும். மூடி, ரோட்டர் ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. புது மூடியில நடுக் கார்பன் ஸ்பிரிங்கில் ஏறி இறங்குதான்னு அழுத்திப் பாருங்க. பாயிண்ட் (காயில் கரண்டை விட்டுவிட்டு வெட்டுற முனை) இடைவெளியையும் 0.4 மி.மீ. வைத்துவிடலாம்.

மணிநகரம்: கர்டர் பாலத்துக்கு அடியில தண்ணி நின்னா வண்டி நடுவுல நின்னுருது. பாலிதீன் கவர் கட்டலாமா?

கவரை இறுக்கிக் கட்டினா உள்ளேயே வேர்க்கும். பாத்திரம் கழுவுற தடிமனான ரப்பர் கையுறை ஒண்ணு வாங்குங்க. நாலு பிளக் வயர், ஒரு காயில் வயர், ஆக அஞ்சு, விரலும் அஞ்சு! கையுறையோட விரல் நுனியில வயரைவிடக் கொஞ்சம் சின்னதா ஓட்டை வெட்டி, ஒவ்வொரு வயரையும் ஒரு விரல் வழியா நுழைச்சு மூடியில சொருகுங்க. கையுறை வாயை டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேல, அதோட கிளிப் வரைக்கும் இழுத்து விடுங்க. அடியில கட்டாதீங்க, ஆவி வெளியேறணும். ஆஸ்பத்திரிக் கையுறை மெல்லிசு, சூட்டுல கிழிஞ்சிரும்.

தண்ணிக்குள்ள மெதுவா, முதல் கியர்லயே போங்க. வேகமாப் போனா ஃபேன் தண்ணியை வாரி எஞ்சின் மேல வீசும். ஃபேன் தொடுற உயரத்துக்குத் தண்ணி நின்னா இறங்காதீங்க. கையுறை அதுக்கு மருந்தில்லை.

உசிலம்பட்டி: கசிவு எந்த வயர்லன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இருட்டுல எஞ்சினை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கிற ஸ்பிரேயரால வயர் மேல லேசாப் பனி மாதிரி அடிங்க. நீலமா மினுக்குற இடம்தான் ஓட்டை. வயரைக் கையால தொடாதீங்க. வயர் முனையில இருக்கிற ரப்பர் தொப்பிக்குள்ள துளி சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. பாயிண்ட்ல மட்டும் படவே கூடாது.

ஒத்தக்கடை: பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன் மாத்தினா இந்தத் தொல்லை போகுமா?

பாயிண்ட் தேயுற தொல்லை போகும். மூடியும் வயரும் அதேதானே, ஈரம் அங்கதான் உட்காரும்.