ஃபார்மட் போட்டால் டி டிரைவில் இருப்பது தங்குமா?

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினி வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. விண்டோஸ் 10 உள்ளது. இரண்டு மாதங்களாக, பொத்தானை அழுத்தினால் திரை வரவே பத்து நிமிடம் பிடிக்கிறது. சில நேரம் நீலத்திரை தோன்றி, தானாக அணைந்து மறுபடி எழுகிறது. டி டிரைவில் பன்னிரண்டு ஆண்டுகால குடும்பப் படங்கள், மகளின் திருமண வீடியோ, என் ஓய்வூதிய ஆவணங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் பிரதிகள் ஆகியவை இருக்கின்றன. பார்க்க வந்த சர்வீஸ்காரர், “சி டிரைவை மட்டும் ஃபார்மட் போட்டால் போதும், டி-யில் இருப்பது அப்படியே இருக்கும், கூடவே ஆன்டிவைரஸும் போட்டுத் தருகிறேன்” என்கிறார். மகனோ புது லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொல்கிறான். என்ன செய்யலாம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: இப்போதைக்கு யாரையும் ஃபார்மட் போட விடாதீர்கள், ஐயா. சி டிரைவை மட்டும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவினால் டி டிரைவில் இருப்பது தங்கும் என்பது, டிஸ்க் நல்ல நிலையில் இருந்து, வேலை செய்பவரும் நிதானமானவராக இருந்தால் மட்டுமே சரி. உங்கள் கணினியில் முதல் நிபந்தனையே சந்தேகமாக இருக்கிறது. எழுந்திருக்கப் பத்து நிமிடம், இடையிடையே நீலத்திரை என்று இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது வைரஸை அல்ல, ஹார்டு டிஸ்க்கைத்தான்.

சி, டி என்பவை இரண்டு தனித்தனி டிஸ்க்குகள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க். அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு எழுத்து கொடுத்திருக்கிறார்கள். அலமாரியைக் கரையான் அரித்தால் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பார்த்தா அரிக்கிறது? மேசைக் கணினியின் டிஸ்க்கில் வழக்கமாக நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டும், அதைத் தொடாமல் மிக நெருங்கி மிதந்தபடி படிக்கும் ஒரு முனையும் இருக்கின்றன. தட்டின் சில இடங்கள் பழுதாகிவிட்டால், அவற்றைப் படிக்க டிஸ்க் மீண்டும் மீண்டும் முயலும். அந்த முயற்சிதான் உங்களுக்கு “கணினி மெதுவாக இருக்கிறது” என்று தெரிகிறது. இந்த நிலையில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதென்றால், சோர்ந்துபோன அதே டிஸ்க்கில் பல ஜிபி அளவுக்குப் புதிதாக எழுத வேண்டும். மீட்டிருக்கக்கூடிய டிஸ்க் அந்த ஒரு மணி நேர உழைப்பில் கைவிட்டுப்போவது உண்டு.

டிஸ்க் நன்றாகவே இருந்தாலும் இன்னோர் ஆபத்து உண்டு. விண்டோஸ் நிறுவும்போது எந்தப் பகுதியை அழிப்பது என்று கேட்கும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வருவதில்லை. டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2, பார்ட்டிஷன் 3 என்றுதான் வரிசையாக வரும். பக்கத்தில் மொத்த அளவு, காலி இடம் போன்றவைதான் இருக்கும். சியும் டியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் பிரிக்கப்பட்டிருந்தால், ஒரே நாளில் நான்கு வீடுகளுக்குப் போக வேண்டிய பையன் எந்த வரியைத் தேர்ந்தெடுத்து அழிப்பான் என்பது அவனுடைய அவசரத்தைப் பொறுத்தது. தவறிவிட்டால் “உங்கள் டிஸ்க்கே போச்சு சார்” என்ற பதில்தான் கிடைக்கும். அதோடு, டி-யில் எல்லாம் வைத்திருப்பதாக நம்புபவர்களின் கோப்புகளில் ஒரு பங்கு சி-யில்தான் கிடக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் என்ற மூன்று ஃபோல்டர்களும் வழக்கமாக சி டிரைவைச் சேர்ந்தவை.

ஆகவே முதல் வேலை பழுது பார்ப்பது அல்ல, நகல் எடுப்பது. பில் தரும் கடையில், பெயர் தெரிந்த நிறுவனத்தின் 1 டிபி அல்லது 2 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு “2 டிபி பென் டிரைவ்” என்று இணையத்தில் விற்பவற்றைத் தொடவே வேண்டாம். அவற்றில் பல உண்மையில் மிகக் குறைந்த கொள்ளளவு கொண்டவை. கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டவை. நகல் முழுமையாக ஏறியது போலவே காட்டும். கோப்பின் பெயரும் அளவும் சரியாக இருக்கும். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

நகல் எடுக்கும் வரிசையும் முக்கியம். பலரும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தேர்ந்தெடுத்து இழுத்துப் போடுகிறார்கள். பெரிய வீடியோவில் டிஸ்க் சிக்கிக்கொண்டால், சில எம்பி அளவே உள்ள ஓய்வூதிய ஆவணம்கூட வந்து சேராமல் போகும். முதலில் ஆவணங்களின் ஸ்கேன் பிரதிகளை எடுங்கள், அடுத்துப் படங்களை ஆண்டுவாரியாக எடுங்கள், கடைசியாகத் திருமண வீடியோவை எடுங்கள். முடிந்ததும் பழைய ஃபோல்டர், புதிய ஃபோல்டர் இரண்டின் மீதும் வலது பொத்தானை அழுத்தி, ‘ப்ராபர்ட்டீஸ்’ பகுதியில் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு, மிகப் பழைய படம் ஒன்று, நடுவில் ஒன்று, வீடியோவின் கடைசி ஐந்து நிமிடம் என்று நகலிலிருந்தே திறந்து பாருங்கள். முடிந்தால் வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகவே கணக்கில் எடுப்பதில்லை.

நகல் எடுக்கும்போது ‘டிக், டிக்’ என்று சீரான சத்தம் கேட்டாலோ, நகர்வு பட்டை ஒரே இடத்தில் வெகு நேரம் நின்றாலோ, உடனே கணினியை அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி முயல வேண்டாம். டிஸ்க்கைச் சரிசெய்வதாகச் சொல்லும் ‘செக் டிஸ்க்’ கட்டளையை எவர் சொன்னாலும் ஓடவிட வேண்டாம். அது கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்த எழுதப்பட்டதே தவிர உங்கள் படங்களைக் காப்பாற்ற எழுதப்பட்டதன்று. சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கில் அது தீங்கே செய்யும். அந்தக் கட்டத்தில் தகவல் மீட்பு ஆய்வகம் ஒன்றுதான் வழி. இங்கேயும் இடைத்தரகர்கள் உண்டு. “டேட்டா ரிகவரி செய்து தரப்படும்” என்று பலகை வைத்திருக்கும் கடைகளில் பல, டிஸ்க்கை வாங்கி இன்னோர் ஊருக்கு அனுப்பிவைக்கும் கடைகளே. அனுப்புவதற்கு முன் தாங்களும் ஒரு முறை முயன்று பார்த்துவிடுகின்றன என்பதுதான் கவலைக்குரியது. தூசியில்லாத தனி அறை இல்லாத இடத்தில் டிஸ்க்கின் மூடியைத் திறக்க விடாதீர்கள். சோதனைக் கட்டணம் எவ்வளவு, மீட்கும் கட்டணம் எவ்வளவு, மீட்க முடியாவிட்டால் என்ன என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

நகல் கைக்கு வந்த பிறகு பழுது பார்ப்பதைப் பற்றிப் பேசலாம். பழைய டிஸ்க்கை ஃபார்மட் போட வேண்டிய தேவையே இல்லை. அதை அப்படியே கழற்றி எடுத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) ஒன்றைப் பொருத்தி அதில் விண்டோஸை நிறுவச் சொல்லுங்கள். பத்து நிமிடத் தாமதம் இதிலேயே தீர வாய்ப்பு மிகுதி. ஏதேனும் விட்டுப்போயிருந்தால் பழைய டிஸ்க் கைபடாமல் உங்கள் அலமாரியில் இருக்கும். “பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கிறேன்” என்பார்கள்; கொடுக்காதீர்கள். அதில் உங்கள் வீட்டுப் பத்திரம் இருக்கிறது. வாரன்டி உள்ள டிஸ்க்குக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: நிறுவனம் டிஸ்க்கை மாற்றித் தருமே ஒழிய, அதில் இருந்ததற்குப் பொறுப்பேற்காது, பழைய டிஸ்க்கும் திரும்பி வராது. எஸ்எஸ்டி பொருத்தியபின் ஒன்றை நினைவில் வையுங்கள். ஹார்டு டிஸ்க்கில் தவறுதலாக அழித்ததை ஓரளவு மீட்கலாம். எஸ்எஸ்டியில் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டால் மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். அது சத்தம் போட்டு எச்சரிக்காமலே ஒரு நாள் நின்றுபோகவும் கூடும்.

அசல் விண்டோஸுடன் வாங்கிய கணினி என்றால், உரிமம் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். டிஸ்க்கை மாற்றி, அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். இதற்குத் தனியாகப் பணம் கேட்டால் தராதீர்கள். அதைவிட மோசமானது, ஆக்டிவேட்டர் என்ற சிறு மென்பொருளை வைத்துத் திருட்டுத்தனமாக உரிமம் ஏற்றுவது. அதை ஓட்டுவதற்காக விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பான டிஃபெண்டரை அணைத்துவைப்பார்கள். போகும்போது அதை மறுபடி இயக்க மறந்தும் போவார்கள். ‘ஸ்டாப்’ என்றும் ‘டிஜேவியூ’ என்றும் அழைக்கப்படும் ரான்சம்வேர் வகை, வீட்டுக் கணினிகளுக்குள் நுழைந்ததே பெரும்பாலும் இத்தகைய ஆக்டிவேட்டர்கள், கிராக் செய்த மென்பொருள்கள் வழியாகத்தான். உள்ளே வந்ததும் அது படங்களையும் ஆவணங்களையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். அப்போது செருகப்பட்டிருக்கும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். ஆகவே நகல் எடுத்து முடித்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும்; எந்நேரமும் கணினியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் நகலால் பயனில்லை. அவர் “போட்டுத் தருகிறேன்” என்ற ஆன்டிவைரஸும் உங்களுக்குத் தேவையில்லை. இயக்கத்தில் உள்ள டிஃபெண்டரும், தவறாமல் ஏறும் அப்டேட்டுகளும் ஒரு வீட்டுக்குப் போதும். 2017 மே மாதம் உலகையே அலைக்கழித்த வான்னக்ரை என்ற ரான்சம்வேர் தாக்குதலைத் தடுக்கும் அப்டேட், அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது.

அப்டேட் என்றதும் மைக்ரோசாஃப்டின் மீது எனக்கு உள்ள வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட்டுகள் தருவதை, 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டார்கள். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர் உள்ள கணினிகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கோடிக்கணக்கான கணினிகளை, பழையன என்று ஒரு தேதியைக் குறித்து ஒதுக்கியது வீட்டு உபயோகிப்பாளருக்குச் செய்த அநீதி. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்த்துவிட்டு எஸ்எஸ்டி வாங்குங்கள். ஏற்காது என்றால், இணைய வங்கி வேலையைப் புது லேப்டாப்புக்கு மாற்றிவிடுவது நல்லது.

இரண்டாவது நகல் ஒன்று வேறு வீட்டில், மகளிடமோ மகனிடமோ இருக்கட்டும். இணையச் சேமிப்பை இதற்கு நம்புபவர்களுக்கு ஒரு சொல்: கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, மின்னஞ்சல், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான், ஒன்டிரைவ் தருவது 5 ஜிபி மட்டுமே. ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, சில நாளில் “இடம் நிரம்பிவிட்டது” என்று நச்சரிக்கும். அந்தத் தொல்லை தாங்காமல் இணையத்தில் உள்ளதை அழித்தால், கணினியில் உள்ளதும் சேர்ந்தே அழியும். அது ஒரே கோப்பின் இரண்டு முகங்கள். அழித்தது ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள்தான் இருக்கும்.

இனி அந்தப் புது லேப்டாப். பழைய கணினியில் உங்களுக்கு அநேகமாக வராத ஒரு சிக்கல் அதில் காத்திருக்கிறது. பலர் இதில் மொத்தத்தையும் இழந்திருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக முதன்முறை உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் முழுவதும் தானாக என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. திருடன் கையில் கிடைத்தாலும் படிக்க முடியாது என்பது நல்லதுதான். ஆனால் மதர்போர்டை மாற்றினாலோ, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் அமைப்பில் கைவைத்தாலோ, சில வேளை பயாஸ் அப்டேட் ஏறினாலோகூட, ஒரு நாள் காலை நீலத்திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அதே எண்ணைத்தான் கேட்கும். அது இல்லையென்றால் எந்த ஆய்வகத்தாலும் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்டாலும் தர முடியாது. இவ்வளவு பெரிய விஷயத்தை வாங்குபவர் தவறவே முடியாதபடி முதல் திரையிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

அந்த எண் எங்கே இருக்கும்? முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக லேப்டாப் தொடங்கப்பட்டதோ, அந்தக் கணக்கில் இருக்கும். நம் ஊர்ப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. “செட்டப் செய்து தருகிறேன் சார்” என்று கடைப்பையன் தன் மின்னஞ்சலையோ, தன் செல்பேசி எண்ணை வைத்து அந்த இடத்திலேயே உருவாக்கிய ஒரு கணக்கையோ போட்டுத் தொடங்கிவிடுகிறான். எண் அங்கே போய்ச் சேருகிறது. இரண்டு ஆண்டு கழித்து அது தேவைப்படும்போது பையன் வேறு கடையில் இருப்பான், கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. எனவே லேப்டாப்பைப் பெட்டி பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் மின்னஞ்சல், உங்கள் செல்பேசி எண் கொண்டு உங்கள் மகன் முன்னிலையில் தொடங்குங்கள். செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ என்ற பகுதிக்குள் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் உங்கள் சாதனத்தின் பெயருக்குக் கீழே அந்த 48 இலக்கம் இருக்கும். அதை இரண்டு தாள்களில் அச்செடுத்து, ஒன்றை வீட்டுப் பத்திரத்தோடும் மற்றொன்றை மகளிடமும் வையுங்கள். லேப்டாப் பைக்குள் மட்டும் வைக்க வேண்டாம்.