கொழும்பின் சோலைவரி: கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): ஐயா, வீடு, கட்டடங்களுக்காக மாநகர சபைக்குக் கட்டும் சோலைவரி, தொடர்மாடி வீட்டுக்கு எதை வைத்துக் கணிக்கப்படுகிறது? வீட்டின் விற்பனை விலையையா?

பதில்: விலையை அல்ல, வாடகையை. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டுக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதுவே ஆண்டுப் பெறுமதி. அதில் சபை தீர்மானிக்கும் வீதம் வரியாகிறது. குடியிருப்பைவிட வர்த்தகக் கட்டடத்துக்கு வீதம் கூட. விளக்கத்துக்காக, பெறுமதி 60,000 ரூபாய், வீதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 12,000 ரூபாய், காலாண்டுக்கு 3,000 ரூபாய் கட்ட வேண்டும். முழுவதையும் ஜனவரி 31ஆம் திகதிக்குள் கட்டினால் 10 சதவீதக் கழிவாக 1,200 ரூபாய் மிஞ்சும். அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டுவோருக்குக் கழிவு 5 சதவீதம்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): புதிய மதிப்பீட்டு அறிவித்தலில் பெறுமதி ஒரேயடியாக உயர்ந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அறிவித்தல் கிடைத்த ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், சபையின் முடிவு திருப்தி தராவிட்டால் நீதிமன்றம் செல்லலாம். வரி அதிகம் என்று எழுதுவதால் பயனில்லை. அதே ஒழுங்கையில் அதே அளவு வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்பதை வாடகை ஒப்பந்தப் பிரதிகளுடன் காட்டுங்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): இத்தனை மாடிக் கட்டடங்கள் எழுந்தும் சபையிடம் பணமில்லை என்கிறார்களே, அது எப்படி?

பதில்: நகரம் வளர்வதும் நகர சபையின் வருமானம் வளர்வதும் வேறு வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முந்திய ஆண்டின் மதிப்பீட்டையே அடுத்த ஆண்டுக்கும் ஏற்றுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வாடகை ஆண்டுதோறும் ஏற, ஏட்டிலுள்ள பெறுமதி அப்படியே கிடக்கும். தேர்தலை நினைத்து மறுமதிப்பீட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு, பல ஆண்டு உயர்வை ஒரே அறிவித்தலில் இறக்கும்போதுதான் மேலே கொட்டாஞ்சேனை நண்பர் கேட்டது போன்ற அதிர்ச்சி வருகிறது. ஓய்வூதியத்தில் வாழும் வீட்டுக்காரருக்கு அது கொடுமை. குறித்த கால இடைவெளியில், சிறிது சிறிதாக மறுமதிப்பீடு செய்வதே நேர்மையான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. வணிகம் பெருகும்போது கூடும் வருமான வரியும் பெறுமதி சேர் வரியும் திறைசேரிக்குப் போகின்றன. ஆதனம் கைமாறும்போது அறவிடப்படும் முத்திரைத் தீர்வை, 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13ஆவது திருத்தத்துக்குப் பின்னர், மாகாண சபை வழியாகச் சுற்றித்தான் வருகிறது. புறக்கோட்டைக்கு நாள்தோறும் வந்துபோகும் பெருந்திரளுக்கான வடிகாலும் குப்பை அகற்றலும் கொழும்புச் சபையின் செலவு. அவர்கள் சோலைவரி கட்டுவதோ தெஹிவளையிலும் மகரகமையிலும். கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் துறைமுக நகரம், 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மாநகர சபையிடம் அல்ல, தனி ஆணைக்குழுவிடம் இருக்கிறது.

கேள்வி (முகத்துவாரம்): வெள்ளம் வந்தால் ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் கைகாட்டுகிறது. நகரை ஆள்வது யார்?

பதில்: ஒருவரல்ல. குடிநீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும், பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், நகரத் திட்டமிடல் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும் உள்ளன. குப்பை, தெருவோர வடிகால், தீயணைப்பு, நூலகம் ஆகியவை மாநகர சபையின் பொறுப்பு. ஆகவே கான், அதாவது தெருவோர வடிகால், நிரம்பினால் சபையிடமும், பெரிய கால்வாய் நிரம்பினால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடமும் முறையிட வேண்டியிருக்கிறது.

இந்தச் சிதறலின் விலை மீதொட்டமுல்லையில் தெரிந்தது. கொழும்பின் குப்பை, நகர எல்லைக்கு வெளியே கொலன்னாவைப் பக்கம் மலையாகக் குவிக்கப்பட்டு, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மக்களுக்குக் கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் வாக்கு இல்லை. குப்பையை அனுப்பியவர்களை அவர்களால் பதவியிலிருந்து இறக்கவும் முடியாது. எல்லை தாண்டிய பிரச்சினைகளுக்கு, அயல் சபைகளையும் சேர்த்து, மக்களுக்குப் பதில் சொல்லும் ஒரு கூட்டமைப்பு இன்றியமையாதது.

கேள்வி (மருதானை): 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. அந்த இடைவெளியிலும் குப்பை எடுத்தார்கள். பிறகு உறுப்பினர்கள் எதற்கு?

பதில்: அன்றாட வேலையை ஆணையாளரும் ஊழியரும் நடத்திவிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் வீதத்தை உயர்த்துவதா, எந்த வட்டாரத்துக் கானை முதலில் திருத்துவது என்பது அலுவலகத்துக்குள் முடியும் விடயமல்ல. ஆணையாளர் மேலிடத்துக்குப் பதில் சொல்பவர்; உங்கள் வட்டார உறுப்பினரை நீங்கள் வீட்டு வாசலில் மறித்துக் கேட்கலாம். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இப்போது சபை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்துவதால், உங்கள் வட்டாரத்தில் அறவிடப்பட்ட சோலைவரி எவ்வளவு, அங்கு செலவிடப்பட்டது எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். வரவுசெலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வருமுன் அந்தப் பதிலை உறுப்பினரின் கையில் கொடுங்கள்.