கிணற்று நீருக்கு சாஃப்ட்னர்: எத்தனை லிட்டர் ரெசின் வேண்டும்?

கேள்வி: வீட்டில் நான்கு பேர், கிணற்றுத் தண்ணீர்தான். கீசரிலும் குழாய் முனையிலும் வெள்ளையாகப் படிகிறது. டி.டி.எஸ். மீட்டரை நனைத்துப் பார்த்த விற்பனையாளர், 10 லிட்டர் ரெசின் (படியும் உப்பைப் பிடிக்கும் சிறு மணிகள்) கொண்ட சாஃப்ட்னர், அதாவது தண்ணீரை மென்மையாக்கும் கருவி, போதும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த மீட்டரை வைத்து முடிவெடுக்காதீர்கள். கரைந்துள்ள எல்லா உப்பையும் அது ஒட்டுமொத்தமாகத்தான் காட்டும். படிவுக்குக் காரணமான கால்சியம், மக்னீசியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஆய்வகத்தில் கடினத்தன்மை (அந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவு), இரும்பு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கடினத்தன்மையை மட்டும் என்றால், சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டி கொண்டு வீட்டிலேயே அளக்கலாம். சோதனை மருந்தால் சிவந்த தண்ணீர் முழு நீலமாகும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். நடுவில் ஊதா தெரியும்போதே நிறுத்தினால் அளவு குறைத்துக் காட்டும்.

பிறகு கணக்கு போடுங்கள். ஆளுக்கு 150 லிட்டர் என்றால் நாளுக்கு 600 லிட்டர். கடினத்தன்மை லிட்டருக்கு 450 மி.கி. என்று வந்தால், தினமும் நீக்க வேண்டியது 270 கிராம். ஒரு லிட்டர் ரெசின் ஏறக்குறைய 50 கிராம் பிடிக்கும். ஆக, 10 லிட்டர் இரண்டு நாள்கூடத் தாங்காது. 25 லிட்டர் என்றால் நாலரை நாள் ஓடும். ஒவ்வொரு ரீஜெனரேஷனுக்கும் (நிறைந்த ரெசினை உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிப்பது) சுமார் 3 கிலோ உப்பு ஆகும்.

கிணற்று நீரில் அதிகம் கவனிக்க வேண்டியது இரும்பு. வாளியில் தெளிவாகப் பிடித்த தண்ணீர் மறுநாள் பழுப்பேறினால் சந்தேகப்படுங்கள். இரும்பு ரெசின் மணிகளில் ஒட்டிக்கொண்டால் உப்புக் கரைசல் மட்டும் அதை எளிதில் கழுவாது. லிட்டருக்கு 1 மி.கி.யைத் தாண்டினால் சாஃப்ட்னருக்கு முன்னால் இரும்பு ஃபில்டர் போட்டுவிடுங்கள். மண், துகள் வந்தால் செடிமென்ட் ஃபில்டரும் வேண்டும்.

கேள்வி: மாடித் தொட்டிக்கு முன்பு மாட்டுவதா, பின்பா?

பதில்: தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் போதாது. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வால்வு உப்புக் கரைசலை உறிஞ்ச பெரும்பாலும் 1.5 பாராவது வேண்டும். அது இல்லாவிட்டால் உப்பு சாஃப்ட்னரின் உப்புத் தொட்டியிலேயே கிடக்கும், தண்ணீரும் மாறாது. மாடித் தொட்டிக்குப் பின் பிரஷர் பம்ப் வைத்து மாட்டுவது நல்லது. மோட்டார் லைனில் மாட்டினால் வேகத்தைப் பாருங்கள்: 1,000 லிட்டர் தொட்டி 20 நிமிடத்தில் நிறைந்தால் அது மணிக்கு 3,000 லிட்டர். 25 லிட்டர் ரெசினுக்கு மணிக்கு 1,000 லிட்டர்தான் உச்சம். மீதிக் கடினத்தன்மை அப்படியே தாண்டிப் போகும்.

கேள்வி: அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: சமையலறைக் குழாயைப் பைபாஸில், அதாவது சாஃப்ட்னர் வழியாகப் போகாத தனி லைனில், விடுங்கள். 100 மி.கி. கடினத்தன்மையை நீக்கினால் சுமார் 46 மி.கி. சோடியம் சேரும், 450-க்கு இது 200-ஐத் தாண்டிவிடும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்களுக்கு இது சரிவராது. உவர்ப்புச் சுவையையும் சாஃப்ட்னர் போக்காது, அதற்கு ஆர்.ஓ. வேண்டும். ரீஜெனரேஷன் கழிவுநீரைச் செடிகளுக்கோ கிணற்றை ஒட்டிய குழிக்கோ விடாதீர்கள்.