விமானம் கிளம்பியதும் ஆட்டோபைலட்தான் ஓட்டுகிறது என்றால், பைலட்டுகள் எதைக் கவனிக்கிறார்கள்?

முக்கியமாக, அது எந்தப் பாதையில் போகிறது என்பதை. கணினியில் ஏற்றிய பாதை சரியா, தவறா என்று ஆட்டோபைலட்டுக்குத் தெரியாது. கடைசி நேரத்தில் ஓடுபாதை மாறி, பழைய புறப்பாட்டுப் பாதையே கணினியில் தங்கிவிட்டால், தவறான பக்கம் வெகு துல்லியமாகத் திரும்பும்! அதனால்தான் தரையிலேயே ஒவ்வொரு வழிப்புள்ளியையும் (பாதையில் விமானம் கடக்க வேண்டிய இடம்) வரைபடத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

சரி, மேலே ஏறியதும்? ஒருவர் விமானத்தைச் செலுத்த, மற்றவர் ரேடியோவையும் கண்காணிப்பையும் பார்த்துக்கொள்வார். நெரிசலான நேரத்தில் தரையிலிருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் திடீரென வேறு திசையில் போகச் சொல்வார். அதற்கான பொத்தானை அழுத்தினால் மட்டும் போதாது. ஆட்டோபைலட்டின் எந்த இயக்கமுறை உண்மையில் இயங்குகிறது என்று திரையின் மேல்வரிசையில் பார்த்து, வாய்விட்டும் சொல்வார்கள். பொதுவாக 10,000 அடிக்குக் கீழே ஊர்க்கதைக்கு இடமில்லை.